ஏழு கம்பி கிடாரும் ஒரு கையெழுத்தும்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இப்போது இதை வெட்கமில்லாமல் சொல்ல முடிகிறது. இருபத்தாறு வயதில் இதற்கு 'ஜாக்கிரதை உணர்ச்சி' என்று பெயர் வைத்திருந்தேன். கல்யாணமாகி அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரில் ஒரு அபார்ட்மென்டுக்கு வந்த புதிதில் தானாகத் திறக்கும் கடைக் கதவைப் பார்த்துப் பயந்தேன். துணி காய்ந்ததும் அலறுகிற டிரையரைப் பார்த்துப் பயந்தேன். ஆன்சரிங் மெஷினில் அப்பா குரல் கேட்டபோது, எடுக்கத் தைரியம் இல்லாமல், மெஷின் முன்னால் எழுந்து நின்று முழுவதையும் கேட்டேன். (சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் அப்பா பேசும்போது உட்கார்ந்து பழக்கமில்லை.)

இந்தச் சில்லறைப் பயங்களுக்கெல்லாம் மேலே பெரிய பயம் ஒன்று இருந்தது. இரண்டாயிரமாவது வருடம் அது. என் கணவர் செந்திலின் விசாவுக்கு ஆறு வருடக் கெடு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். அதற்குள் கிரீன் கார்டு மனுவில் கம்பெனி முதலாளி கையெழுத்துப் போட்டு அனுப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு திருநெல்வேலிக்கு விமானம் ஏற வேண்டியதுதான். என் தங்கையின் கல்யாணத்துக்குப் பணம் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தோம், மாமனாருக்கு ஆபரேஷன் பாக்கி இருந்தது. அந்த ஒரு கையெழுத்தில் இரண்டு குடும்பங்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

முதலாளியின் பெயர் நாச்சிமுத்து அங்கிள். கோபிச்செட்டிபாளையத்துக்காரர். முப்பது பேரைக் கம்ப்யூட்டர் வேலைக்கு ஜெர்சி சிட்டி வங்கிகளுக்கு கான்ட்ராக்டில் அனுப்பிக்கொண்டிருந்தார். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். ஆனாலும் அவர் சட்டைப் பையில் குத்தியிருக்கும் பேனாவைப் பார்த்தாலே எனக்கு நாக்கு உலர்ந்துவிடும்.

இந்த நிலையில் செந்தில் ஒரு காரியம் செய்திருந்தார். ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்து எடுத்துவரும் பொங்கல் பாட்லக்கில் அங்கிள் என்னைப் பார்த்து, "அம்மிணி என்னுங் பண்றாங்க?" என்று கேட்டார். டிபென்டன்ட் விசா, வேலை பார்க்க முடியாது, சும்மா இருக்கிறாள் என்று சொல்ல செந்திலுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"வீணை வாசிப்பா அங்கிள். ரேடியோ ஆர்ட்டிஸ்ட்" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் வீணை கற்றுக்கொண்டது இரண்டு வருடம், ஆரம்பப் பாடமான கீதம் வரை. அதற்குப் பிறகு டீச்சர் என் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளைக்குப் படிப்பு நன்றாக வருமே என்றார். ரேடியோவில் நான் வந்ததும் உண்மை. பத்து வயதில், சிறுவர் நிகழ்ச்சியில், நாற்பது குழந்தைகளோடு சேர்ந்து 'வணக்கம் மாமா' சொன்னேன். எனவே அந்தப் பாட்லக்கில் எல்லோரும் "ஒரு பாட்டு பாடும்மா" என்றபோது பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டவள், அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தேன்.

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அங்கிளிடமிருந்து போன்.

"ஏனுங் அம்மிணி, நம்ம நித்யா பாப்பா எலெக்ட்ரிக் கிடார் வேணும்னு ஒரே புடிவாதமுங். அதும் ஏழு கம்பி வெச்சதாமா. வீணைக்கும் ஏழு கம்பிதானுங்களே?"

"ஆமா அங்கிள்."

"அப்பறம் என்னுங், ரெண்டும் ஒண்ணுதான. நாளைக்குக் கடைக்கு நீங்களும் வாங்க. பாத்து ஒண்ணு எடுத்துக் குடுங்க. வெலையும் கட்டுப்படியாகோணும், பொருளும் நிக்கோணும்."

ரிசீவரைப் பொத்திக்கொண்டு செந்திலைப் பார்த்தேன். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "இந்த நேரத்துல அவர்கிட்ட முடியாதுன்னு சொல்லாத. போயிட்டு வந்துடும்மா" என்றார். சொல்லிவிட்டு, ஓடாத டிரையரைப் பார்க்கப் போனார்.

மறுநாள் காலை அங்கிளின் மினிவேன் வந்தது. பின் சீட்டில் நித்யா. பதினோராம் வகுப்பு. முள்வேலி மாதிரி எழுத்துகள் போட்ட கறுப்பு டி-ஷர்ட், காதில் ஹெட்போன். "ஹாய் ஆன்ட்டி" என்றாள், அத்துடன் சரி. ஹெட்போனை மீறி வெளியே வந்த சத்தம், கருங்கல்லை கிரைண்டரில் போட்டு ஆட்டுவது போல இருந்தது. அவள் அம்மா ஏன் வரவில்லை என்று கேட்டேன். "அவுளுக்கு இன்னிக்கு விரதமுங்" என்றார் அங்கிள். சனிக்கிழமை விரதம் இருக்கலாம்தான், கிடார் கடைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ரூட் ஒன் நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது கடை. கைப்பையில் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கினேன். (கிடார் கடையில் யார் விசா கேட்கப்போகிறார்கள் என்பது இப்போது தோன்றுகிற கேள்வி.) கதவைத் திறந்ததுமே சத்தம் நெஞ்சில் மோதியது. சுவர் முழுக்க கிடார்கள். அவற்றின் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் என்னைவிட நீளமான தலைமுடி, கையெல்லாம் பச்சை குத்திய மண்டை ஓடு. நான் அங்கிளுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அங்கிள் எனக்குப் பின்னால் ஒதுங்கினார். இப்படியே இரண்டு பேரும் மாறி மாறி ஒதுங்கி வாசலுக்கே வந்துவிட்டோம்.

அப்போதுதான் கிரெக் வந்தார். கடையில் விற்பனை செய்பவர். ஆறரை அடி உயரம், தாடியை இரண்டாகப் பின்னி ரப்பர் பேண்டு போட்டிருந்தார். நித்யாவிடம் ரொம்ப மரியாதையாகப் பேசினார். வழக்கமான ஆறு கம்பிக்கு மேல் தடியாக இன்னொரு கம்பி, அடிமட்டத்துக்கும் கீழே இறங்கிப் பேசும், கனமான இசைக்கு இப்போது எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள் என்றார். நானூறு டாலருக்குள் இரண்டு இருந்தன. ஒன்று பளபளவென்று சிவப்பு. இன்னொன்று சாதாரணக் கறுப்பு.

வீணையில் கம்பிகளைத் தாங்குவதைக் குதிரை என்போம். சிவப்பு கிடாரில் அந்தக் குதிரை ஸ்ப்ரிங்குகளின் மேல் ஆடிக்கொண்டிருந்தது. அதை அசைத்து ஒலியை வளைக்க ஒரு கைப்பிடியும் இருந்தது. கறுப்பில் குதிரையை மரத்தோடு சேர்த்து முடுக்கியிருந்தார்கள். கிரெக் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: இந்த விலையில் ஸ்ப்ரிங் வைத்தால் மட்டமான உலோகம்தான் வைப்பார்கள், சுருதி நிற்காது. கறுப்பில் அந்தக் காசை மரத்திலும், ஒலி வாங்கும் காந்தத்திலும், முறுக்காணியிலும் போட்டிருக்கிறார்கள். கறுப்பை எடுங்கள்.

நித்யா தலையாட்டினாள். அங்கிள் என்னைத் தனியாக ஓரம் கட்டினார்.

"அதே வெலைக்குச் செவப்புல ஸ்ப்ரிங்கு, கைப்புடி எல்லாம் இருக்குதுங்களே. கடைக்காரன் எதைத் தள்ளியுடப் பாக்கறானோ அதைத் தொடவே கூடாதுங் அம்மிணி. நீங்க செவப்பை வாசிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

ஈரோடு ஜவுளிச் சந்தையில் அவரைக் காப்பாற்றிய சட்டம் இது. கிரெக் உண்மையைச் சொல்லச் சொல்ல, அங்கிளுக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது.

நித்யா என் காதருகே வந்து, "ஆன்ட்டி, ப்ளீஸ், ஜஸ்ட் ஸே த பிளாக் ஒன்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. கறுப்பு என்று சொன்னால் அங்கிளுக்கு எதிராகப் பேசியதாகும். சிவப்பு என்றால் இந்தப் பெண்ணின் பாவம். அங்கிளின் சட்டைப் பையில் பேனா மின்னியது. தெரியாது என்று சொன்னால் ரேடியோ ஆர்ட்டிஸ்ட் கதை அங்கேயே கிழிந்துவிடும். பொய் சொன்னவனுக்கு எந்த முதலாளி கையெழுத்துப் போடுவார்?

வேறு வழி தெரியாமல், முடிந்தவரை நேரத்தைக் கடத்தத் தீர்மானித்தேன். ஷூவைக் கழற்றினேன். சிவப்பு கிடாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தரைவிரிப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதை மடியில் படுக்க வைத்தேன். அங்கிளும் பயபக்தியோடு ஷூவைக் கழற்றினார். கிரெக் எங்களைப் பார்த்தார், யோசித்தார், குனிந்து தன் பூட்ஸையும் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு கிடாரை ஆம்ப்ளிஃபயரில் செருகிவிட்டு, வேறு யாரோ கூப்பிட, வெறுங்காலோடு போனார்.

நான் கம்பிகளைத் தட்டிப் பார்த்தேன். வீணையில் வாசிக்க நான்கு கம்பி, தாளத்துக்குப் பக்கவாட்டில் மூன்று. இங்கே ஓரமாகத் தடியாக இருந்த கம்பியைத் தாளக் கம்பி என்று முடிவுகட்டினேன். தாளக் கம்பி கணீரென்று இருக்க வேண்டும், இது எருமை செருமுவதுபோல் இருந்தது. சரி, தளர்ந்திருக்கிறது என்று முறுக்காணியைத் திருப்பினேன். அது இறுக இறுகக் குதிரை முன்னால் சாய்ந்தது, மற்ற ஆறும் தொங்கிவிட்டன. அந்த ஆறையும் முறுக்கினேன். இப்போது ஏழாவது தொங்கியது. அதை முறுக்கினேன். பழையபடி ஆறு. சத்தம் சரியாகக் கேட்கவில்லையே என்று கிடாரில் இருந்த குமிழை முழுக்கத் திருப்பினேன்.

"ஆன்ட்டி, நோ" என்றாள் நித்யா.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் அங்கிள் கையைக் கட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் போன மண்டை ஓட்டுக்காரர் ஒருவரிடம் என்னைக் காட்டி, "ரேடியோ ஆர்ட்டிஸ்ட்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் கண் முன்னால் இரண்டு சூட்கேஸும், தங்கையின் முகமும், மாமனாரின் மருந்துச் சீட்டும் வந்து வந்து போயின. மெல்லிய கம்பியை இன்னும் ஒரே ஒரு திருப்பு திருப்பினேன்.

பட்.

ஒரு கம்பி போனதும் ஸ்ப்ரிங் குதிரையைப் பின்னால் இழுத்தது, இழுத்த வேகத்தில் அடுத்த கம்பி, அதற்கடுத்த கம்பி. பட், பட். அறுந்த கம்பி ஒன்று என் வளையலில் சுற்றிக்கொண்டது. அத்தனையும் ஆம்ப்ளிஃபயர் வழியாக வந்தது. ஓடுகிற மிக்ஸியில் ஸ்பூன் விழுந்தால் ஒரு சத்தம் வருமே, அந்த மிக்ஸி ஒரு வீடு அளவுக்கு இருந்தால் எப்படியிருக்கும், அப்படி. கடையில் வாசித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

நான் ஓடினேன். கிடாரைக் கீழே வைத்தேனா போட்டேனா என்பது இன்றுவரை தெரியாது. காலுறையோடு பார்க்கிங் லாட்டில் பனிச் சகதியில் ஓடி, மினிவேனுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். கொஞ்ச நேரத்தில் அங்கிளும் காலுறையோடு வந்து சேர்ந்தார். ஒரு கையில் என் ஷூ, இன்னொரு கையில் என் கைப்பை.

"அங்கிள், நான் ரேடியோ ஆர்ட்டிஸ்ட் இல்ல. கீதம் வரைக்கும்தான் படிச்சேன். அவர் சும்மா பெருமைக்குச் சொல்லிட்டாரு. அதுக்காக அவர் பேப்பரை நிறுத்திடாதீங்க அங்கிள்."

"அது தெரியுமுங்க அம்மிணி" என்றார் அவர் சாவகாசமாக. "ஒரு பாட்டுப் பாடச் சொன்னதுக்கே பாத்ரூமுக்குள்ள போயி உக்காந்துட்டீங்க. அப்பவே தெரியுமுங்."

"அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்க?"

அங்கிள் கடை வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போன வாரம் நானும் பாப்பாவும் மட்டும் வந்தமுங். வாசல்ல அந்தத் தாடிக்காரர் நின்னுட்டிருந்தாரு. பாத்ததும் காரைத் திருப்பிட்டேனுங். பாப்பா ஒரு வாரமா எங்கிட்டப் பேசறதில்லீங். ஊட்டுலயும் வரமாட்டேன்னுட்டாங்க. துணைக்கு யாராச்சும் வேணுமில்லீங்களா? ரேடியோ ஆர்ட்டிஸ்ட்டுன்னு சொன்னா கடையில ஒரு மரியாதையும் இருக்குமுங்."

முப்பது பேருக்கு முதலாளி, தைரியத்துக்காகத் தேடிப் பிடித்த ஆள் நான். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது.

"அப்ப கையெழுத்து, அங்கிள்?"

"எந்தக் கையெழுத்துங்?"

"கிரீன் கார்டு பேப்பர்ல."

"அதைத் திங்கக்கெழமையே போட்டு அனுப்பியாச்சுங்களே. செந்திலுக்கு ஒரு காப்பியும் குடுத்தனே. சொல்லலீங்களா?"

முதலில் நிம்மதி. காரைப் பிடித்துக்கொண்டேன். இந்த நாட்டில் இனி இருக்கலாம் என்று தோன்றியதும் இன்னொரு தடவை அழுதேன். அது முடிந்ததும் கோபம் வந்தது. நிம்மதியைவிடக் கோபம் ரொம்பப் பெரியதாக இருந்தது.

ஈரக் காலுறையோடு கடைக்குள் திரும்பிப் போனோம். ஆச்சரியமாக எனக்குப் பயமாக இல்லை. கிரெக் தரையில் உட்கார்ந்து சிவப்பு கிடாருக்குப் புதுக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். காசு வேண்டாம் என்றார். இதைத்தான் சொன்னேன், ஸ்ப்ரிங் வைத்ததில் ஒரு கம்பி போனால் மிச்சத்தின் சுருதியும் சேர்ந்து போகும் என்றார். இந்தத் தடவை அங்கிள் நம்பினார். "அம்மிணி நம்ம கண்ணு முன்னாலயே காமிச்சுட்டாங்களே" என்று கறுப்பை எடுக்கச் சொன்னார்.

நித்யா கறுப்பு கிடாரை மாட்டிக்கொண்டு அந்தத் தடிக் கம்பியை ஒரே ஒரு முறை அடித்தாள். அது காதுக்கு வருவதற்கு முன்னால் வயிற்றுக்கு வந்தது. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இன்னொரு தடவை அடி என்றேன். அவள் அப்பாவும் இன்னொரு தடவை அடிக்கச் சொன்னார். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாளாம்.

வீட்டுக்குப் போனால், செந்தில் தானாகவே தோசை சுட்டு, சட்னி அரைத்து, பாத்திரமும் கழுவி வைத்திருந்தார்.

"திங்கக்கிழமையா?" என்றேன்.

அவர் தோசைத் திருப்பியைக் கீழே வைத்தார். "சொல்லியிருந்தா நீ போயிருக்க மாட்டே."

அது உண்மை என்பதால்தான் நான் இரண்டு நாள் பேசவில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் தெரிந்தும் சொல்லாமல் வைத்திருக்கும் எந்த விஷயத்துக்கும் 'திங்கட்கிழமை' என்று பெயர். நான்கு வருடம் கழித்து கிரீன் கார்டு தபாலில் வந்த அன்று, செந்தில் தபால் பெட்டி முன்னால் நின்றபடியே, வீட்டுக்குள் இருந்த எனக்கு செல்போனில் கூப்பிட்டு, "இப்பத்தான் வந்துச்சு, சத்தியமா இப்பத்தான்" என்றார். தமிழ் புரிந்தாலும் இங்கிலீஷிலேயே பதில் சொல்லும் எங்கள் மகளும் இதை மட்டும் பிடித்துக்கொண்டாள். போன வாரம் காலேஜிலிருந்து போன் செய்தவள், குசலம்கூட விசாரிக்காமல், "அம்மா, டோன்ட் கெட் ஸ்கேர்ட், ஐ ஹாவ் எ மண்டே" என்று ஆரம்பித்தாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு, முதலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.