ஓடுகிற பஸ்ஸில் ஒரு குவார்ட்டர் வாக்குமூலம்

குடிக்கிறவன் தன் அளவை யாரிடமும் சரியாகச் சொன்னதாக எனக்குத் தெரியாது. பெண்டாட்டியிடம் பாதி சொல்வான், டாக்டரிடம் கால் சொல்வான், கூடக் குடிக்கிறவனிடம் இரண்டு மடங்காகச் சொல்வான். நான் ஒரே ஒரு முறை சரியாகச் சொன்னேன், பஸ் நிறைய ஆள் இருக்கும்போது. நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. (வெட்கம் கொஞ்சம்தான். மீதி கோபம்.)

திருநெல்வேலியிலிருந்து திசையன்விளைக்குப் போய்க்கொண்டிருந்தோம். என் மனைவி செல்வியின் அக்கா வீட்டுக்காரர் இறந்து முதல் வருஷத் திதி. அவர் ஆயுள் காப்பீடு எடுத்து வைத்துவிட்டுத்தான் செத்தார். அக்காவுக்கு ஒரு பைசா வரவில்லை. 'மது அருந்துவீர்களா?' என்ற கேள்விக்கு விண்ணப்பத்தில் 'இல்லை' என்று இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'நெடுநாள் குடிப்பழக்கம்' என்று இருந்தது. மறைத்துவிட்டார் என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. இப்போது அக்கா உடன்குடியிலிருந்து கருப்பட்டி வாங்கி விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்.

அந்த 'இல்லை'யை எழுதிய ஏஜெண்ட் வேறு யாருமில்லை, அக்காவுக்கும் செல்விக்கும் கூடப்பிறந்த தம்பி முத்து. எனக்கும் அவன்தான் பாலிசி போட்டுக்கொண்டிருந்தான். (மச்சினன் ஏஜெண்டாக இருக்கும்போது வெளியாளிடம் பாலிசி எடுப்பது எங்கள் பக்கம் விவாகரத்துக்குச் சமம்.) எங்களுக்கு முன் சீட்டில் உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தான்.

மூலைக்கரைப்பட்டி தாண்டியதும் என் போன் அடித்தது.

"சார், உங்க பாலிசிக்காகச் சில மருத்துவக் கேள்விகள். இந்த அழைப்பு பதிவாகுது," என்றார் ஒரு டாக்டரம்மா. பஸ் போட்ட சத்தத்தில் எதுவும் விளங்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டேன். புத்திசாலி.

சர்க்கரை, பிரஷர் எல்லாம் விசாரித்துவிட்டு, "மது அருந்துவீங்களா?" என்றார்.

முத்து திரும்பி, மிக்சர் கையை 'இல்லை' என்று ஆட்டினான். "பழக்கமே இல்லீங்க," என்றேன் நானும், பால்மணம் மாறாத குரலில்.

செல்வி என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, அப்போ நானும் அக்கா கூடக் கருப்பட்டி யாவாரத்துக்குப் போகவா?"

நான் போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனேன். "எப்பவாவது உண்டும்மா... விசேஷத்துக்கு."

"என்ன விசேஷம் சார்?"

"சனிக்கிழமை," என்றாள் செல்வி, போன் பக்கம் குனிந்து.

பஸ் சிரித்தது. "ஒரு தடவைக்கு எவ்வளவு சார்?"

"ஒரு முப்பது மில்லி இருக்கும்."

கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்தினார். "அண்ணாச்சி, முப்பது மில்லி பாட்டில் எங்கன விக்கான்? சொன்னா நானும் போவேம்லா."

"மூடியில அளந்து குடிப்பாரு வே," என்றது பின் சீட்டு.

"சார், பக்கத்துல யாரு பேசுறாங்க?" என்றார் டாக்டரம்மா.

"எல்லாம்... குடும்பந்தான்," என்றேன்.

முத்து சீட்டுக்கு மேலே எக்கி, "அத்தான், உண்மையச் சொன்னா பிரீமியத்தக் கூட்டிருவான். பாலிசியே இல்லன்னாலும் சொல்லிருவான். எல்லாரும் இல்லைன்னுதான் போடுதாங்க. பேசாம இரிங்க," என்று கிசுகிசுத்தான்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "என்னலே எல்லாரும்? ஒங்க பெரியத்தானுக்கும் இதத்தான சொன்ன? அவரு போன அன்னைக்கு ஒங்க அக்கா ஒரு தடவ தாலியறுத்தா. கம்பெனிக் கடுதாசி வந்த அன்னைக்கு ரெண்டாந்தடவ அறுத்தா. அடுத்து இவளா?"

சிரிப்பு நின்றது. அதே கோபத்தில் போனைப் பிடித்துக் கத்தினேன்: "எழுதிக்கோங்கம்மா. பிராந்தி. சனிக்கிழம ஒரு குவார்ட்டர், புதன்கிழம ஒரு குவார்ட்டர். கல்யாணம், சடங்கு, கோயில் கொடைக்கெல்லாம் தனி. பல வருசமா உண்டு."

கோயில் கொடைக்கு மைக் கட்டியிருந்தால்கூட இவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்காது.

"புதன்கிழமையுமா?" என்றாள் செல்வி, பைய.

டாக்டரம்மா, "நன்றி சார்," என்று வைத்துவிட்டார். திசையன்விளை வரைக்கும் செல்வி ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள்.

பிறகு ரத்தம் எடுத்தார்கள். ஈரல் கொஞ்சம் வாடியிருப்பதாகச் சொல்லி, பிரீமியத்தைக் கூட்டித்தான் பாலிசி கொடுத்தார்கள். புதன்கிழமை அன்றோடு ரத்து. முத்து மட்டும் மாறவில்லை. இன்றைக்கும் யார் வீட்டிலோ உட்கார்ந்து, காப்பியைக் குடித்துக்கொண்டே 'இல்லை' என்று எழுதிக்கொண்டுதான் இருப்பான். அவனை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன். அவன் கையாட்டியதும் தலையாட்டிய என்னை நினைத்தால் இன்னும் கொஞ்சம் கடிக்கிறேன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் செல்வி, "எங்க வீட்டுக்காரரு உசுருக்கு மத்தவங்கள விட ரேட்டு கூட, தெரியுமா?" என்பாள். மகளைக் கட்டிய மருமகன்கூட இப்போது அதையே சொல்கிறான். ஒரு முறை அக்கா வீட்டிலேயே நான் வாய் தவறி இதைச் சொல்லிவிட்டேன்.

அக்கா சிரிக்கத்தான் செய்தார். "நல்லாருக்கு தம்பி," என்றார். "எங்க வீட்டு மனுசனுக்கு ரேட்டே போடலியே."