தேருக்கு ஒரு தோட்டா

தோட்டாப் பெட்டி காலியாக இருந்தது.

கோயில் கமிட்டிக் கூட்டத்தில் கஜேந்திரன் அதைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். சின்னப் பூச்சி ஒன்று விழுந்து ஓடியதுதான் மிச்சம்.

ஹட்டனுக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில், மாரியம்மன் தேர் பங்களா வளைவுக்கு வந்ததும் ஒரு துப்பாக்கிச் சத்தம் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தேர் நகரும். ஐம்பத்தோரு வருடத்துக்கு முன்னால் தேர் அந்த வளைவுக்கு வந்தபோது, வெள்ளைக்காரத் துரை வராந்தாவுக்கு வந்து தன் சின்னத் துப்பாக்கியால் வானத்தைப் பார்த்துச் சுட்டாராம். தேர் சிட்டாய்ப் பறந்ததாம். அம்மனுக்குத் துரை செய்த மரியாதை என்று சனங்கள் உருகிப்போனார்கள். கொஞ்ச நாளில் துரை சீமைக்குப் போய்விட்டார். துப்பாக்கியும், ஐம்பது தோட்டா இருந்த ஒரு பெட்டியும் தோட்டத்து ஆபீசில் தங்கின. பின்னால் தோட்டத்தை நிர்வகிக்க வந்த பெரிய துரைகள் ஒவ்வொருவரும் லைசன்சைப் புதுப்பித்து, தேரன்றைக்கு ஒன்று சுட்டு வந்தார்கள். போன வருடம் சுட்டது ஐம்பதாவது.

கஜேந்திரன் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறவர். கோயில் தலைவராக அவருக்கு இது முதல் வருடம்.

"ஒரு யானவெடியப் போட்டுட்டா என்னங்க?" என்றார் மெதுவாக.

கூட்டம் விறைத்துக்கொண்டது. இரண்டே ஓட்டில் அவரிடம் தோற்ற பிரதாப் எழுந்தார். "அம்மனுக்கு உள்ள மரியாதையக் கொறைக்கவா ஒங்களுக்கு ஓட்டுப் போட்டோம்?"

"நீங்கதான் எனக்குப் போடலியே!"

"அதனாலதான் தைரியமா கேக்குறேன்."

கஜேந்திரனுக்குச் சூடேறிவிட்டது. "தேருக்குத் தோட்டா வரும். வரலேன்னா நா தலைவரே இல்ல!"

சொல்லிவிட்டு உட்கார்ந்த பிறகுதான், தோட்டாவை எந்தக் கடையில் விற்பார்கள் என்ற யோசனை வந்தது.

கண்டியில் ஒரு துப்பாக்கிக் கடை இருந்தது. முதலாளி பழைய தோட்டாக் கூட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இது விளிம்புல அடிபட்டு வெடிக்கிற ரகங்க. அதுல எங்கிட்ட உள்ளது பொடிசு. ஒங்க துப்பாக்கியில போட்டா கெணத்துல கல்லு விழுந்த மாதிரி போயிரும். இந்த சைசு இப்ப வெளிநாட்டுல ஒரே ஒரு கம்பெனிதான் எப்பயாச்சும் செய்யிது."

"ஒண்ணே ஒண்ணு வரவழைச்சுத் தாங்களேன்."

"அரசாங்க அனுமதி இல்லாம அரைத் தோட்டாகூட வராதுங்க."

அனுமதிக்கு ஒரு படிவம் இருந்தது. 'எதற்காக' என்ற இடத்தில் மூன்றே கட்டங்கள்: தற்பாதுகாப்பு, விளையாட்டு, பயிர்ப் பாதுகாப்பு. சாமிக்குக் கட்டம் இல்லை. கஜேந்திரன் ரொம்ப நேரம் யோசித்துப் பயிருக்கு நேரே புள்ளடி போட்டார். லைசன்ஸ் பெரிய துரை பேரில் இருந்ததால் அவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. பயிர்ச் சேதத்தைப் பார்வையிட அதிகாரி வருகிறாராம்!

சேதத்துக்கு எங்கே போவது? அந்தப் பக்கம் பன்றி வந்து நாலு வருடமாகிறது. கமிட்டிக்காரர்கள் ஆறு பேர், கஜேந்திரன் வீட்டு லீக்ஸ் பாத்தியிலேயே இறங்கி மிதித்தார்கள். அவர் மனைவி ஜெயந்தினி கொழுந்து எடுத்துவிட்டு வந்து பார்த்தபோது, அறுவடைக்கு நின்ற லீக்ஸ் எல்லாம் படுத்துக் கிடந்தது.

"எந்தப் பன்னிங்க இப்பிடிப் பண்ணுச்சு?"

கஜேந்திரன் சேற்றுக் காலைக் கழுவப் போனார்.

மறுநாள் வந்த சிங்கள அதிகாரி பாத்தியைச் சுற்றி நடந்தார். ஓரிடத்தில் குனிந்தார்.

"மஹத்தயா, ஒங்க ஊர்ப் பன்றி செருப்புப் போடுறதா?"

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வீட்டிலும் நிலைமை அதுதான். ஒரு மாதம் வெறும் ரொட்டியும் சம்பலும். லீக்ஸ் கறி என்ற பேச்சையே எடுக்க முடியவில்லை.

கடைசியில் மாவட்ட அரசாங்கக் காரியாலயமான நுவரெலியா கச்சேரிக்குப் போய், அம்பலவாணர் என்ற யாழ்ப்பாணத்து அதிகாரியிடம் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததை எல்லாம் சொன்னார்.

அம்பலவாணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏன் ஐசே, கோயில் வழக்கம் எண்டு உள்ளதை எழுதியிருந்தால் எப்பவோ முடிஞ்சிருக்குமெல்லே? எழுதித் தாரும். நான் கொழும்புக்கு அனுப்புறன்."

உண்மையை எழுதினார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில், லயத்துக்கு லயம் கையெழுத்து வாங்கினார்கள். பாதுகாப்பு அமைச்சு, சுங்கம், பொலிஸ் என்று கடிதம் சுற்றிச் சுற்றி வந்து, அனுமதியும் கிடைத்தது. இந்தத் தடவை கம்பெனி தடுத்தது: ஐயாயிரம் தோட்டாவுக்குக் குறைந்தால் அனுப்ப மாட்டார்களாம்.

"வருசத்துக்கு ஒண்ணுன்னா ஐயாயிரம் வருசம் தேர் இழுக்கலாம்," என்றார் பிரதாப். "அது வரைக்கும் நீங்களே தலைவரா இருக்கப் போறீங்களா?"

கஜேந்திரன் விடவில்லை. கொழும்பில் இறக்குமதி லைசன்ஸ் வைத்திருந்த ஒருவரை ஐந்து தடவை போய்ப் பார்த்தார். ஐந்தாவது தடவை, இவர் படியேறும்போதே அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஒரு துப்பாக்கி சுடும் கழகத்துக்கு வரும் சரக்கோடு ஐம்பது தோட்டாவையும் சேர்த்து எடுத்துத் தர ஒத்துக்கொண்டார்.

திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது பெட்டி வந்தது. இரண்டு கான்ஸ்டபிள்கள் ஜீப்பில் கூடவே வந்தார்கள். சுட்ட பிறகு கூட்டைத் திருப்பித் தர வேண்டும் என்று பதினொரு இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.

தேரன்றைக்கு வானம் வெளுத்திருந்தது. பங்களா வளைவில் தேர் வந்து நின்றது. தப்பு மேளம் அடங்கியது. பெரிய துரை வராந்தாவில் நின்று துப்பாக்கியை உயர்த்தினார். கஜேந்திரன் கண்ணை மூடிக்கொண்டார்.

டுமீல்!

"அரோகரா!" வடம் இறுகியது. தேர் அசைந்து, நிமிர்ந்து, கிளம்பியே விட்டது. ஜெயந்தினிகூடச் சிரித்துவிட்டாள். பிரதாப் தன் கழுத்து மாலையைக் கழற்றிக் கஜேந்திரனுக்குப் போட்டார். "தலைவர்னா நீங்கதாங்க தலைவர்!"

வடம் பிடித்த கூட்டத்தில் ஒரே ஒரு கிழவர் மட்டும், சத்தம் கேட்டதுமே கயிற்றை விட்டுவிட்டுச் சிலையாக நின்றார். அவர் வீரய்யா. அந்த வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். துரை சுட்ட வருடத் தேர் முடிந்த கையோடு பட்டிப்பொல ரயில் பாதை வேலைக்குப் போனவர், இன்றைக்குத்தான் திரும்ப இந்தத் தேருக்கு வந்திருக்கிறார்.

கஜேந்திரன் மாலையும் கழுத்துமாக அவரிடம் ஓடினார். "என்னங்க பெரியவரே, நின்னுட்டீங்க? துப்பாக்கி வெடிச்சிருச்சே, இழுங்க!"

வீரய்யா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்ப்பா, அன்னிக்குத் தொர சுட்டது, பகல்ல தூங்க முடியல, தேர நிப்பாட்டுங்கடான்னுல்ல!"