பதினோராவது ஷரத்துக்கு ஆமென் இல்லை

ஏஜென்சி நீட்டும் ஒப்பந்தத்தை என்றைக்காவது முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? பொய் சொல்லாதீர்கள். தாமிரபரணிக் கரையில் அப்படிப் படித்த ஒரே ஜீவன் எங்கள் ஆமென் அண்ணாச்சிதான்.

பாளையங்கோட்டைக்காரர். குழாய் வெல்டர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதம் வாசிப்பவர். அதே ராகத்தில், எழுந்து நின்று, ஒப்பந்தத்தையும் உரக்க வாசிப்பார். ஷரத்து பிடித்தால் ஆமென். பிடிக்காவிட்டால் மௌனம். அந்த மௌனத்தில் ஏஜென்சிக்காரர்களுக்கு ஏசியிலும் வியர்க்கும். சம்பளம் பேசும்போது, தான் வெல்டிங் வைத்த ஒரு குழாய்த் துண்டைத் துவாலையிலிருந்து பிரித்து மேசையில் 'ணங்'கென்று வைப்பார்.

"எக்ஸ்ரே எடுத்துப் பாரும் வே. ஒரு ஓட்டை இருந்தா நீர் சொல்லுத சம்பளம். இல்லன்னா நான் சொல்லுத சம்பளம்."

இதுவரை மூன்று மேசைக் கண்ணாடிகள் காலி என்று கேள்வி.

தச்சநல்லூரில் ஒரு ஏஜென்சி மாடியில்தான் அவரிடம் மாட்டினேன். வளைகுடாவில் ஓர் எண்ணெய் ஆலையில் ஆறு மாசப் பராமரிப்பு வேலை. ஏழு பேர் குழு. வெல்டர் அவர் ஒருவர்தான். பி.இ. முடித்து இரண்டு வருஷம் வீட்டில் கட்டில் தேய்த்த எனக்கு அதுதான் முதல் வேலை. ஆறு பேரும் நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டோம். அண்ணாச்சி முதல் பக்கத்தை ஆரம்பித்தார்.

பத்து ஆமென் ஒழுங்காக வந்தது. பதினோராவது ஷரத்தை வாசித்தார். நிறுத்தினார்.

மேனேஜர் சிரிக்கப் பார்த்தார். "அண்ணாச்சி, ஆமென் விட்டுப்போச்சு."

"விடல வே. கம்பெனி நெனச்சா ஆறு மாசத்த இன்னொரு வருஷம் நீட்டிக்கிடலாம்னு போட்டிருக்கு. இத எடும்."

"எல்லாருக்கும் ஒரே தாள்தான். வெல்டர் இல்லன்னா ஏழு சீட்டும் போச்சு. அஞ்சு மணிக்குள்ள நான் அனுப்பணும்."

மணி நாலே கால். ஆறு ஜோடிக் கண்கள் அவரைக் கொன்றுவிடுவதுபோல் பார்த்தன. நான் அவர் கையையே பிடித்துவிட்டேன்.

"அண்ணாச்சி, போட்டுருங்களேன். எனக்கு மொத வேலை."

"நீ பதினொண்ண வாசிச்சியாலே?"

"இல்ல."

"நானும் ஒருக்க வாசிக்கலலே. ஆறு மாசம்னு போயி ஒன்றரை வருஷம் கெடந்தேன். எங்க அப்பா அடக்கத்த அங்கன இருந்து போன்ல பாத்தேன்."

மேனேஜர் செல்போனோடு உள்ளே போனார். நாலரை. நாலே முக்கால். கதவு திறக்கவில்லை. ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பிரிண்டர் முனகியது. பதினோராவது இல்லாத புதுத் தாள். ஒன்றே ஒன்று, அண்ணாச்சிக்கு மட்டும்.

அவர் பேனாவைத் தொடவில்லை. ஒப்பந்தக் கட்டுக்குள்ளிருந்து என் பழைய தாளை உருவி நாலாகக் கிழித்தார்.

"மொதல்ல இந்தப் பயலுக்குப் புதுத் தாள் அடியும் வே. பொறவு அந்த அஞ்சு பேருக்கு. எனக்குக் கடைசில பாத்துக்கிடலாம்."

பிரிண்டர் இன்னும் ஆறு தடவை முனகியது. அன்றைக்கு ஏழு பேரும் சேர்ந்து சொன்ன ஆமெனில் மேனேஜர் குரலும் இருந்தது. சொன்னபடி ஆறாவது மாசம் ஊர் வந்து சேர்ந்தோம்.

இப்போது என் அடுத்த ஒப்பந்தம் கையில் இருக்கிறது. நான்காம் பக்கம். நின்றுகொண்டுதான் வாசிக்கிறேன். பேனா இன்னும் மூடியேதான் இருக்கிறது.