நூற்றுப் பன்னிரண்டு தலைப்புகள்

"இந்த ஆவணத்தில் தலைப்புகள் எதுவும் இல்லை" என்றது கம்ப்யூட்டர்.

"என்னது, தலைப்பே இல்லையா?" பொறியாளர் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டார். "நூத்திப் பன்னெண்டு தலைப்பு வச்சிருக்கேன். அத்தனையும் செக்கச்செவேல்னு இருக்கு. இதுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

கூடத்தின் மறுகோடியில் தையல் மிஷின் நின்றது. "யாரைங்க திட்டறீங்க?" என்றாள் மனைவி.

"உன்னை இல்ல."

"அப்ப சரி." மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

பொறியாளர் தண்ணீர் வாரியத்தில் முப்பத்து நாலு வருடம் குப்பை கொட்டியவர். ஊரில் எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் எப்படி வளைகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வால்வு மாற்றுவதில் அவரை அடிக்க ஆளில்லை என்று பெயர். அப்பேர்ப்பட்டவருக்கு இப்போது நெஞ்சுக்குள் ஒரு வால்வு மாற்ற வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

"கசிவு இருக்கான்னு எத்தனை நிமிஷம் டெஸ்ட் பண்ணுவீங்க டாக்டர்?" என்று அவர் கேட்டபோது டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தவர்தான். இரண்டு வாரத்தில் எண்பத்தாறு பக்கம். "வீட்டுப் பராமரிப்புக் கையேடு" என்று பெயர். மோட்டார் எப்படிப் போடுவது, மேல்தொட்டி எப்போது கழுவுவது, எந்த சுவிட்சுக்கு எந்த பியூஸ், கேஸ் சிலிண்டர் எப்படி மாற்றுவது, மாடிக் கதவு ஒட்டிக்கொண்டால் எந்தப் பக்கம் உதைப்பது என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தார். வீட்டைப் பற்றித் தன் மனைவிக்கு ஒன்றுமே தெரியாது என்பதில் அவருக்குத் துளிக்கூடச் சந்தேகம் இருந்ததில்லை. தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவள் என்ன செய்வாள்?

ஆனால் எண்பத்தாறு பக்கத்தில் பியூஸ் எங்கே இருக்கிறது என்று அவள் இருட்டில் உருட்டிக்கொண்டிருக்க முடியாதே. பழைய ஆபீசில் அவர் ஒரு ஃபைல் பார்த்திருந்தார். திரையின் இடது பக்கம் ஒரு பட்டி. அதில் தலைப்பெல்லாம் வரிசையாக நிற்கும். வேண்டியதைத் தட்டினால் நேரே அந்தப் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். அதுமாதிரிதான் வேண்டும் அவருக்கு. பட்டியைக் கண்டுபிடித்துத் திறந்தும் விட்டார். அப்போதுதான் அது இப்படிச் சொல்லி அவர் முகத்தில் கரியைப் பூசியது.

சரி, எழுத்து சின்னதாக இருக்கிறதோ என்னவோ என்று நினைத்தார். நூற்றுப் பன்னிரண்டு தலைப்பையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பெரிதாக்கினார். அடிக்கோடு போட்டார். திங்கள் காலை முழுக்க அதிலேயே போனது. எண்பத்தாறு பக்கம் தொண்ணூற்றேழு பக்கமாகப் பெருத்தது. பட்டி மட்டும் வழித்துத் துடைத்த மாதிரி அப்படியே இருந்தது.

வேறு வழியில்லாமல் ஆபீசில் கூட வேலை பார்த்த டைப்பிஸ்ட் அம்மாவுக்கு போன் போட்டார். இரண்டு கையும் வேண்டும் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சார், கலர் போட்டாலோ பெருசாக்கினாலோ அது தலைப்பு ஆகாது" என்றாள் டைப்பிஸ்ட் அம்மா. "அது உங்க கண்ணுக்குத்தான் தலைப்பு. கம்ப்யூட்டருக்கு அதுவும் ஒரு வரி, அவ்வளவுதான். இதுதான் தலைப்புன்னு நீங்க சொல்லணும். மேல ஸ்டைல்னு ஒரு இடம் இருக்கு பாருங்க. அதுல 'ஹெடிங் ஒன்'னு..."

"இருக்கு, இருக்கு. புரிஞ்சுபோச்சு. வைக்கறேன்."

"சார், முழுசாக் கேளுங்க..."

போனை வைத்துவிட்டார்.

மிஷின் பக்கமிருந்து குரல் வந்தது. "அந்தம்மா சொல்றது சரிதானேங்க. நானும் துணியை வெட்டினதும் ஒவ்வொரு துண்டுலயும் சாக்பீஸால எழுதித்தானே வைக்கிறேன், இது கை, இது முதுகுன்னு. பார்வைக்கு எல்லாத் துண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும்."

"அதுவும் இதுவும் ஒண்ணா? இது கம்ப்யூட்டர்ம்மா. உனக்குப் புரியாது."

"சரிங்க" என்று அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

நூற்றுப் பன்னிரண்டு தடவை யார் தட்டிக்கொண்டிருப்பது? பொறியாளர் முழு ஃபைலையும் ஒரே பிடியாகப் பிடித்தார். 'ஹெடிங் ஒன்'னைத் தட்டினார்.

பட்டி நிரம்பியது. நிரம்பியது என்றால் அணை உடைந்த மாதிரி நிரம்பியது. ஒவ்வொரு பத்தியும் தலைப்பாகிவிட்டிருந்தது. "ஸ்பானரை எடுத்துக்கொள்ளவும்" ஒரு தலைப்பு. "வலது பக்கம் திருப்பக் கூடாது" ஒரு தலைப்பு. "நன்றாகக் கையைக் கழுவவும்" ஒரு தலைப்பு. அவர் பார்த்துப் பார்த்துப் போட்ட சிவப்பெல்லாம் போய், முழு ஃபைலும் நீலத்தில் பெரிய பெரிய எழுத்தாக நூற்று ஐம்பது பக்கத்துக்கு ஊதியிருந்தது.

எந்த இயந்திரம் தகராறு செய்தாலும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். சேமித்தார், அணைத்தார், பத்து எண்ணினார், மறுபடி போட்டார். நூற்று ஐம்பது பக்கமும் சமர்த்தாக அப்படியே திரும்பி வந்தன.

"செஞ்சதை ரத்து பண்ணியிருக்கலாமே சார்" என்றாள் டைப்பிஸ்ட் அம்மா, செவ்வாய்க்கிழமை. "ஃபைலை மூடிட்டீங்களே, இனிமே அது நடக்காது. முழுசும் பிடிச்சு 'நார்மல்'னு போடுங்க. அப்புறம் தலைப்பை மட்டும் ஒவ்வொண்ணா..."

'நார்மல்' போட்டார். எல்லாம் ஒரே அளவு, ஒரே கறுப்பு. நூற்றுப் பன்னிரண்டு தலைப்பும் கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகள் மாதிரி எங்கே போயின என்றே தெரியவில்லை. தான் எழுதியதைத் தானே முதலிலிருந்து படித்து, எது தலைப்பு எது விஷயம் என்று பொறுக்கி எடுக்க வேண்டியதாயிற்று. மதியம் இரண்டிலிருந்து நாலு வரை கட்டாயம் படுக்க வேண்டும் என்பது டாக்டர் கட்டளை. படுத்தால் குறட்டைதான். அந்த இரண்டு மணி நேரமும் தையல் மிஷின் ஓடாது. மற்ற நேரமெல்லாம் மூக்குக் கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். இடையில் காபி ஆறியதற்கு ஒரு கத்தல், மின்விசிறி சத்தத்துக்கு ஒரு கத்தல், மிஷின் சத்தத்துக்கு ஒரு கத்தல்.

புதன்கிழமை அவருக்கு இன்னொரு வெளிச்சம் பிறந்தது. 'ஹெடிங் ஒன்' என்றால் முதல் தலைப்பு, 'ஹெடிங் டூ' என்றால் இரண்டாவது தலைப்பு! இவ்வளவு நேரம் இது புரியாமல் போயிற்றே! மோட்டாருக்கு ஒன்று போட்டார். மேல்தொட்டிக்கு இரண்டு. பியூஸுக்கு மூன்று. கேஸுக்கு நாலு. ஒன்பதாவது தலைப்பான மாடிக் கதவு வரை ஜாம்ஜாமென்று போனது. அதோடு தீர்ந்தது.

"ஏம்மா! ஒன்பதுக்கு மேல இல்லயாம்! எனக்கு நூத்திப் பன்னெண்டு வேணும்!" என்று போனில் இரைந்தார்.

அந்தப் பக்கம் டைப்பிஸ்ட் அம்மா சிரிப்பை அடக்குகிறாள் என்பது தெளிவாகக் கேட்டது.

"சார், அது வரிசை நம்பர் இல்ல. அந்தஸ்து. பெரிய விஷயத்துக்கு ஒண்ணு. அதுக்குள்ள அடங்கற விஷயத்துக்கு ரெண்டு. அப்பாவும் பிள்ளையும் மாதிரி. தண்ணீர்னு ஒரு ஒண்ணு போடுங்க. மோட்டார், தொட்டி எல்லாம் அதுக்குக் கீழ ரெண்டு. நீங்க இப்ப பண்ணியிருக்கறதுல மோட்டாருக்குப் பிள்ளை தொட்டி, தொட்டிக்குப் பிள்ளை பியூஸ், பியூஸுக்குப் பிள்ளை கேஸ்..."

"கேஸுக்கும் பியூஸுக்கும் சம்பந்தமே வைக்கக் கூடாதும்மா! வீடு எரிஞ்சுபோகும்!"

"அதைத்தான் சார் நானும் சொல்றேன்."

பதற்றத்தில் அவர் கை எங்கோ பட்டது. 'மோட்டார்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு முக்கோணம் இருந்தது, அதில்தான் பட்டிருக்க வேண்டும். அடுத்த நொடி திரையில் 'மோட்டார்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் நின்றது. கீழே வெள்ளை. எண்பத்தாறு பக்கம், இரண்டு வார உழைப்பு, மூன்று நாள் மல்லுக்கட்டு, எல்லாம் கண் முன்னாலேயே மாயமாய் மறைந்துபோயின.

"போச்சு! எல்லாம் போச்சு!"

மனைவி தோளில் அளவு நாடாவோடு வந்து எட்டிப் பார்த்தாள். "அந்தச் சின்ன முக்கோணத்தைத் திரும்பத் தட்டிப் பாருங்களேன். மடிச்சு வச்சிருக்கற மாதிரி இருக்கு."

"இது என்ன புடவையா, மடிச்சு வைக்க? சும்மா இரேன்! உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுதானே நான் இவ்வளவு பாடுபடறேன்!"

அவள் உள்ளே போனாள். அவள் போய்விட்டாளா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, பொறியாளர் மெதுவாக முக்கோணத்தைத் தட்டினார். எண்பத்தாறு பக்கமும் பொலபொலவென்று விரிந்தன. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் கம்ப்யூட்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்தேழு தலைப்புதான் முடிந்திருந்தது. மிச்சம் எழுபத்தைந்து. விடிந்தால் ஆஸ்பத்திரி.

"விடுங்க. வந்து பண்ணிக்கலாம்" என்றாள் மனைவி, அவருடைய பையில் துண்டை மடித்து வைத்தபடி.

"வந்தாத்தானே."

அவள் கை நின்றது.

"நான் இல்லேன்னு வச்சுக்கோ" என்றார் அவர், திரையைப் பார்த்துக்கொண்டே. "மோட்டாரை யாரு போடுவா?"

"நான்தாங்க."

"எப்படிப் போடுவே? இன்னும் அந்த அத்தியாயமே சரியா வரல."

"இருபத்தாறு வருஷமா நான்தாங்க தினமும் போடறேன்" என்றாள் அவள். "நீங்க காலைல ஆறு மணிக்கு ஊருக்குத் தண்ணி விடப் போயிடுவீங்க. நம்ம வீட்டுத் தொட்டி தானா நிறைஞ்சுதுன்னா நினைச்சீங்க? கேஸ் சிலிண்டர், பியூஸ், எல்லாம் நான்தான். மாடிக் கதவை மட்டும் உதைக்கறதில்ல. கீலுக்கு எண்ணெய் விட்டா போதும்."

மாடிக் கதவைப் பற்றி அவர் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார்.

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"எழுதற வரைக்கும் நீங்க வேற எதையும் யோசிக்காம இருந்தீங்க. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

வெள்ளிக்கிழமை சேர்ந்தார். சனிக்கிழமை ஆபரேஷன். வால்வு முதல் முயற்சியிலேயே கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது என்று டாக்டர் வெளியே வந்து மனைவியிடம் சொன்னார். ஒரு சொட்டுக் கசிவு இல்லை என்பதை அவருக்குக் கட்டாயம் சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

புதன்கிழமை அவரைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். அங்கேதான் அவருக்கு ஆச்சரியத்துக்கு மேல் ஆச்சரியம். கேட்காமலே வெந்நீர் வந்தது. கேட்காமலே இடது தோளுக்குக் கீழே ஒரு சின்னத் தலையணை வந்தது. விளக்கை அணைக்கும்போது கழிவறை விளக்கை மட்டும் விட்டுவைத்தார்கள். ஊசி போடுவதற்கு முன்னால், எத்தனை மில்லி, எங்கே போகும், எத்தனை நிமிடத்தில் வேலை செய்யும் என்று கணக்காகச் சொல்லிவிட்டுத்தான் போட்டார்கள்.

வியாழக்கிழமை காலை கஞ்சி ஆறிவிட்டதென்று அவர் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினார். நர்ஸ் பதிலுக்குக் கத்தவில்லை. முகத்தைச் சுளிக்கவுமில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "டாக்டர் ரவுண்ட்ஸ் முடிச்சுட்டார் சார். உங்க ரிப்போர்ட் எல்லாம் நல்லா இருக்கு. நாளன்னிக்கு வீட்டுக்குப் போகலாம்னார்" என்றாள்.

பொறியாளருக்குக் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. கஞ்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உங்க ஆஸ்பத்திரி மாதிரி நான் பார்த்ததே இல்ல சிஸ்டர்" என்றார் மனம் நிறைந்து. "ஒவ்வொரு நோயாளியையும் எப்படி இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்க?"

"எல்லாரையும் எங்க சார் தெரியும்? உங்களைப் பத்தித்தான் உங்க வீட்ல ஒரு ஃபைலே அனுப்பிட்டாங்களே, நீங்க சேர்றதுக்கு முந்தின நாளே" என்ற நர்ஸ், மருந்து வண்டியிலிருந்த திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

இடது பக்கம் ஒரு பட்டி. அதில் தலைப்புகள் வரிசையாக நின்றன. உணவு. அதற்குக் கீழே உள்ளே தள்ளி வெந்நீர், காபி. தூக்கம். அதற்குக் கீழே தலையணை, விளக்கு. ஊசி போடும் முறை. ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு, எல்லாம் அதனதன் அந்தஸ்தில், இம்மி பிசகாமல்.

பொறியாளர் தலைப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். கடைசிக்கு முந்தின தலைப்பில் வந்து அவர் கண் நின்றது.

"கோபம்னு ஒண்ணு போட்டிருக்காளே" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "அதுல என்னைப் பத்தி எத்தனை பக்கம் எழுதியிருக்கா?"

நர்ஸ் அதைத் தட்டிக் காட்டினாள். "அதுல ஒரே வரிதான் சார் இருக்கு: 'பயம் என்ற தலைப்பைப் பார்க்கவும்.'"