சவப்பெட்டியில் ஒரு தும்மல்

உயிரோடு இருக்கும்போதே தனக்காக ஒருவர் அழுவதைக் கேட்கும் பாக்கியம் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. எனக்குச் சைகோனில் கிடைத்தது, அதுவும் சவப்பெட்டியில் படுத்தபடி.

அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சி. காரைக்காலிலிருந்து போய், பென்தான் சந்தை அருகே மாமுவின் துணிக்கடையில் இருந்தேன். (வேலை பார்த்ததாக மாமு ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.) கல்லாவுக்கு அடியில் ஒளித்துவைத்து பிரெஞ்சுப் பேய் நாவல்களாகப் படித்துத் தள்ளுவேன். பாழடைந்த கோட்டை, சபிக்கப்பட்ட பிரபு, தானாக அணையும் மெழுகுவர்த்தி. இந்த ஞானத்தை நம்பி, பொருட்காட்சி நடத்திய ஒரு பிரெஞ்சுக்கார முசியே, பார்க்க வருபவர்களை ஏற்றித் தண்டவாளத்தில் ஆட்கள் தள்ளிப்போகும் பேய்வண்டிக்கு என்னிடம் யோசனை கேட்டார்.

"இதுவும் ஊத்திக்கிச்சுன்னா அடுத்த கப்பல்ல ஊருக்குப் போயிடு," என்றார் மாமு. எனக்கோ சைகோனை விட்டுப் போக மனமே இல்லை.

அட்டையில் கோட்டை எழுப்பினேன். கடையின் வெள்ளைத் துணியைச் சுவரெங்கும் தொங்கவிட்டேன். நடுவில் சவப்பெட்டி, அதற்குள் பிரபுவாக நான். வண்டி நெருங்கியதும் எழுந்து உறும வேண்டும். அந்த ஊரில் துக்கத்துக்கு வெள்ளைதான் கட்டுவார்கள் என்பது, அதே துணியைத் தினமும் கிழித்து விற்ற எனக்கு நினைவே வரவில்லை.

முதல் வண்டியில், சந்தையில் பழம் விற்கும் லான் அம்மாள் மகளோடு வந்தார். அன்று பௌர்ணமி. கோயிலுக்குப் போய்வந்த கூடையில் ஊதுபத்தி இருந்தது. நான் எழுவதற்குள் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார்.

"யாரு பெத்த புள்ளையோ, பக்கத்துல ஒத்த ஆளு இல்லையே," என்று அவர்கள் மொழியில் விசும்பியபடி பத்தியைக் கொளுத்தினார். பின்னால் வந்தவர்களும் இறங்கி, வரிசையில் நின்று கும்பிட்டார்கள். இவ்வளவு மரியாதை செய்பவர்களைப் பார்த்து எப்படி உறுமுவது? அடக்கமாகச் செத்தே கிடந்தேன். புகைதான் விடவில்லை. தும்மினேன்.

அலறி ஓடியவர்கள் கோட்டையையும் தள்ளிக்கொண்டு போனார்கள். லான் அம்மாள் மட்டும் ஓடவில்லை. என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "உசிரு இருக்கு," என்று மறுபடி அழுதார்.

மாமு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "மய்யித்தா கிடக்குறதுக்காடா உன்னைக் கப்பலேத்திக் கூட்டியாந்தேன்? கெளம்பு ஊருக்கு."

சந்தைப் பழக்கத்தில் எங்கள் பேச்சு புரிந்த லான் அம்மாள் குறுக்கே நின்றார். "இவனுக்காக அழுதவ நான். அனுப்புறதா இருந்தா என்னைக் கேட்டுட்டு அனுப்புங்க."

துணி பேரத்தில் யாருக்கும் மசியாத மாமு, அன்று மசிந்துவிட்டார். நான் சைகோனிலேயே தங்கினேன். பிற்பாடு அந்த அம்மாள் தன் மகளையும் எனக்கே கட்டிக்கொடுத்தார். (முன்னபின்ன தெரியாத பிணத்துக்கு அழுதவரை நான் மாமியாராக அடைந்த கதை இதுதான்.) "உனக்கு அழ வேண்டியதை அழுது முடிச்சாச்சு. இனி என் முறைக்கு நீ அழு," என்று விருந்தாளிகள் முன்னால் சொல்லிச் சிரிப்பார். அந்த ஊரில் எனக்கு வாய்த்த நல்லதெல்லாம் அவர் கண்ணீரில் தொடங்கியதுதான்.

அவர் முறையும் வந்தது. வெள்ளை கட்டி, பத்தி ஏற்றி, வாய்விட்டு அழுதேன். அழுகைக்கு நடுவே புகை ஏறித் தும்மிவிட்டேன். துக்க வீடு மொத்தமும் சிரித்தது. இன்றைக்கும் வீட்டில் யார் தும்மினாலும் அந்தச் சிரிப்பு வந்துவிடும். அன்று நான் மட்டும் சிரிக்காமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவரும் ஒரு தும்மல் போடுவாரா என்று.