பாப்பாகிட்ட சொல்லியிருந்தேன்

கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளாத வீட்டில்தான் பேச்சு அதிகம். பேசிக்கொள்பவர்கள் ஒரு "ம்" போட்டு முடிக்கிற விஷயத்தைப் பேசாதவர்கள் சுவருக்கும் காலண்டருக்கும் விளக்கமாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தை இருக்கிற வீடென்றால் இன்னும் வசதி. "உங்க அப்பாவ சாப்பிட வரச் சொல்லு", "உங்க அம்மாவ அந்த டிவிய அணைக்கச் சொல்லு" என்று ஆள் அனுப்பிவிடலாம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. ஒரே சிக்கல், எங்கள் தூதருக்கு அப்போது ஒன்பது மாதம்.

சண்டைக்குக் காரணமும் தூதர்தான். யாழினிக்குப் பேச்சு வந்துவிட்டிருந்தது, வார்த்தைதான் வரவில்லை. விடிந்தால் ஆரம்பித்துவிடுவாள். "தத்தத்தா... ங்ங்ஙே... புவ்வ்வ்" என்று எச்சில் தெறிக்க நீளமாகப் போகும். நடுவில் ஆள்காட்டி விரலை உயர்த்தி ஓர் எச்சரிக்கை, ஒரு நிறுத்தம், நாம் ஒப்புக்கொண்டோமா என்று ஒரு பார்வை. மறுபடியும் "தத்தத்தா". நானும் என் மனைவி கலாவும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து கேட்போம். அப்படி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் நான், "அப்படியே உங்க அண்ணன் போன்ல பேசற மாதிரியே இருக்குது!" என்றேன்.

(உண்மையைத்தான் சொன்னேன். மனைவியின் அண்ணனைப் பற்றி உண்மை சொல்லக் கூடாது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.)

கலா சிரிப்பதை நிறுத்தினாள். பிறகு பேசுவதையும்.

நேரம் வேறு சரியில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் யாழினிக்குக் காதுகுத்து. திண்டிவனத்தில், அதே அண்ணன் ஏழுமலையின் வீட்டில், அதே ஏழுமலையின் மடியில். தாய்மாமன் சீராகத் தங்கத்தில் தோடு வாங்கி, விழுப்புரத்துக்கே வந்து கொடுத்துவிட்டும் போயிருந்தார்.

"சாமிகிட்ட வெச்சிக் கும்பிட்டு எடுத்துக்கினு வந்துடுங்க மாப்ள. மறந்துடாதீங்க. மறந்தீங்கன்னா, நான் செஞ்சத நீங்க மதிக்கலன்னுதான் நம்ம ஆளுங்க பேசுவாங்க" என்றார். சொல்லும்போது விரலை உயர்த்தினார். நான் கலாவைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

ஞாயிறு காலை. கலா குழந்தைக்குப் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டே சொன்னாள்: "பாப்பா, தோடு சாமி மாடத்துல இருக்குது. உங்க அப்பாவ எடுத்துக்கச் சொல்லு."

நான் வாசலில் நின்று சொன்னேன்: "பாப்பா, அப்பா ரெண்டு கையிலயும் பை இருக்குது. உங்க அம்மாவே எடுத்துக்கட்டும்."

யாழினி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "தத்தத்தா." விரல். "ங்ங்ஙே." நிறுத்தம். "புவ்வ்வ்!"

அவ்வளவு தீர்மானமாகச் சொன்னதும் விஷயம் முடிந்துவிட்டதாகவே எனக்குப் பட்டது. கலாவுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். சிரிப்பு வேறு முட்டிக்கொண்டு வந்தது. முதலில் சிரிப்பவர் தோற்றவராகிவிடுவாரே! நான் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டேன், அவள் பீரோ பக்கம் திரும்பிக்கொண்டாள். சாமி மாடத்தின் பக்கம் யாரும் திரும்பவில்லை.

பஸ்ஸில் அவள் முன்னால், பெண்கள் சீட்டில். நான் பின்னால், பைகளோடு. கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கியதும் அங்கிருந்தே குரல் கொடுத்தேன்: "பாப்பா, அப்பா டிக்கெட் எடுத்துட்டேன்னு சொல்லு!" கலாவின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த யாழினி ஏதோ சொன்னாள். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் கண்டக்டர் திரும்பி வந்துவிட்டார்.

"முன்னாடி குழந்தையோட இருக்கறது உங்க சம்சாரமா?"

"ஆமாங்க."

"அவங்களும் ரெண்டு டிக்கெட் எடுத்திருக்காங்க, நீங்களும் ரெண்டு எடுத்திருக்கீங்க. மீதி ரெண்டு பேரு எங்க?"

"எடுத்துட்டேன்னு சொல்லி அனுப்பினேங்க."

"யார்கிட்ட?"

காட்டினேன். அவர் குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பேஜாரு புடிச்ச குடும்பம்பா" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். (அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கோ கூட்டேரிப்பட்டு வரைக்கும் கண்டக்டர்மேல்தான் கோபம்.)

திண்டிவனத்தில் பந்தல், மேளம், வரிசைத் தட்டுகள். மாமன் மடியில் யாழினி. காது குத்துகிற ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நல்ல நேரம் போவுது. ஜல்தியா தோட்டக் குடுங்க."

நான் கலாவைப் பார்த்தேன். கலா என்னைப் பார்த்தாள்.

"பாப்பா, உங்க அப்பாவ தோட்டக் குடுக்கச் சொல்லு."

"பாப்பா, தோடு உங்க அம்மாகிட்ட இல்ல இருக்குது?"

"இன்னா மாப்ள, குழந்தையாண்ட கேட்டுக்கினு இருக்கீங்க?" என்றார் ஏழுமலை. பிறகு, தோடு வரவில்லை என்று புரிந்துவிட்டது. முகம் சுருங்கியது. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், "மாமன் செஞ்சது புடிக்கல போலக்குது" என்றது. முணுமுணுப்புதான், ஆனால் மேளம் நின்ற நேரம் பார்த்து வந்தது.

"புடிக்கலன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மாப்ள" என்றார் அவர், தணிந்த குரலில்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? தோட்டிலிருந்தா, டிக்கெட்டிலிருந்தா, இவர் போன் பேசுகிற அழகிலிருந்தா?

அப்போது யாழினி மடியில் திரும்பி, மாமாவின் மூக்குக்கு நேராக விரலை உயர்த்தினாள். "தத்தத்தா... ங்ங்ஙே..."

ஏழுமலையும் பழக்கதோஷத்தில் விரலை உயர்த்தினார். "அதில்ல பாப்பா, நா இன்னா சொல்ல வர்றேன்னா..."

"புவ்வ்வ்!"

"இரு, நா முடிச்சிக்கிறேன். இப்ப நா இன்னா சொல்ல வர்றேன்னா..."

"தத்தத்தா!"

இரண்டு விரல்களும் எதிரெதிரே ஆடின. முதலில் வெடித்தது கலாதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "அண்ணா! அப்படியே நீ போன்ல பேசற மாதிரியே இருக்குது!"

என் வாக்கியம். 'உங்க அண்ணன்' போய் 'நீ' வந்ததைத் தவிர ஒரு மாற்றமும் இல்லை. இதற்காகவா அத்தனை நாள் காலண்டரோடு குடித்தனம் நடத்தினேன்? கோபப்படுவதா, சிரிப்பதா, ஜெயித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்வதா, ஒன்றும் விளங்கவில்லை.

பந்தலே சிரித்தது. "நா எங்க அப்படிப் பேசறேன்?" என்று ஏழுமலை விரலை உயர்த்தினார். உயர்ந்த விரலைத் தானே ஒருமுறை பார்த்தார். மடக்கிக்கொண்டு, அவரும் சிரித்துவிட்டார்.

தோடு சாமி மாடத்திலேயே தங்கிவிட்ட கதையை அந்தச் சிரிப்புக்கு நடுவில் சொல்லி முடித்தோம். ஆசாரி காதைக் குத்தி, ஓட்டை மூடாமலிருக்க வேப்பங்குச்சியைச் செருகிவிட்டார். யாழினியின் அழுகை மட்டும் எல்லோருக்கும் புரிகிற பாஷையில் இருந்தது. ஆல்பத்தில் இன்றும் பார்க்கலாம்: பட்டுப்பாவாடை, இல்லாத முடியில் பூ, இரண்டு காதிலும் குச்சி. தோட்டை எடுத்திருக்க வேண்டியது யார் என்பது மட்டும் இன்றுவரை தீரவில்லை. திண்டிவனத்தில் யாராவது சொன்ன வேலையைச் செய்யவில்லையென்றால் ஏழுமலை மச்சான் கேட்பது ஒரே கேள்விதான்: "யார்கிட்ட சொல்லி அனுப்பின? பாப்பாகிட்டயா?"

பாப்பா இப்போது கல்லூரிக்குப் போகிறாள். நாங்கள் இன்னும் சண்டை போடுகிறோம். சமையலறையிலிருந்து கலா, "பாப்பா, உங்க அப்பாகிட்ட சொல்லு..." என்று ஏதோ ஆரம்பிப்பாள். மிக்சி சத்தத்தில் மீதி எனக்குக் கேட்காது. யாழினி செல்போனைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் வந்து நிற்பாள். முகத்தில் சிரிப்பின் சாயலே இருக்காது. ஆள்காட்டி விரலை உயர்த்துவாள்.

"தத்தத்தா. ங்ங்ஙே. புவ்வ்வ்."

சொல்லிவிட்டுப் போய்விடுவாள். வேறு வழியில்லை. நானே எழுந்து சமையலறைக்குப் போய், "என்னம்மா சொன்ன?" என்று கேட்க வேண்டியிருக்கிறது.