கம்பெனி மெயிலில் நான் கேட்ட ஓட்டு

கம்பெனி பெயரில் ஒரு மெயில் முகவரி கிடைத்தால் எவருக்கும் கொஞ்சம் தலைக்கனம் வரும். எனக்கு நிறையவே வந்தது.

ஓசூரில் சானமாவு போகிற பக்கம் எங்கள் லேஅவுட். நூற்றிருபது வீடுகளுக்கும் பொதுவாக ஒரு மெயில் குழு. ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும். (வாட்ஸப்பில் குட்மார்னிங் தொல்லை தாங்கவில்லை.) அதை நடத்தியவர் வெங்கடேசப்பா, தொழிற்சாலையில் குவாலிட்டி பார்த்து ஓய்வு பெற்றவர். சங்கச் செயலாளர் தேர்தலில் என்னை எதிர்த்து நின்றவரும் அவரே. சந்தேகப்பட இது போதாதா?

'துணை மேலாளர்' என்று பெயருக்குக் கீழே வருமே, அந்த ஆசையில் கம்பெனி முகவரியிலிருந்தே ஓட்டுக் கேட்டு எழுதினேன். பதிலே இல்லை. இன்னும் நான்கு மெயில் போட்டேன். எதிர்வீட்டு சுமதி, "சார், என்னைக் குரூப்ல இருந்து தூக்கிட்டாங்க" என்றார். மறுநாள் இன்னும் பதினெட்டுப் பேர். அத்தனை பேரும் எனக்கு ஓட்டுப் போடுவதாகச் சொன்னவர்கள். (எல்லோருமே அப்படித்தான் சொல்லியிருந்தார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை.)

"அந்த ஆளு வேலைதான் இது" என்றேன் மனைவியிடம்.

"அவரப் பாத்தா அப்படித் தெரியலைங்களே."

"தெரியாம செய்யறதுதான் சாமர்த்தியம்."

'ஜனநாயகப் படுகொலை' என்று நாளுக்கு மூன்று கண்டன மெயில் அனுப்பினேன். குழு காலியாகிக்கொண்டே வந்தது.

தேர்தல் கூட்டத்தில் எழுந்து அவரை ஃபிராடு என்றேன். அவர் நிதானமாக ஒரு தாளை எடுத்தார்.

"ரிஜெக்ட் ஆனதெல்லாம் எடுத்துப் பாத்தேன் சார். சப்ளையர் ஒருத்தர்தான். நீங்க. உங்க கம்பெனி புது ரூல் போட்டிருக்குது. அவங்க பேர்ல வர்ற மெயில் அவங்க சர்வர்ல இருந்து நேரா வரணும், இல்லன்னா போலின்னு திருப்பி அனுப்பிடணும். குரூப் வழியா போறதால உங்க மெயில் யாருக்கும் போய்ச் சேராம குரூப்புக்கே திரும்பி வந்துடுது. நாலஞ்சு தடவை வந்தா, அந்த வீட்டுக்காரங்க மெயில் அட்ரஸே சரியில்லன்னு குரூப் தானா அவங்கள எடுத்துடுது. காரணம் நேத்துதான் புரிஞ்சுது. அதுவரைக்கும் தினம் காலையில ஒவ்வொருத்தரா நான்தான் மறுபடி சேத்துட்டிருந்தேன்."

"எதுக்குச் சேத்தீங்க?" (வேறென்ன கேட்பது?)

"நீங்க எழுதறதையும் அவங்க படிக்கணும் இல்லீங்களா?"

வெட்கத்தில் தலை நிமிரவில்லை. இன்றும் விருந்தாளிகள் நான்கு நாளாகியும் கிளம்பாவிட்டால் என் மகள், "அப்பாவ ஒரு மெயில் போடச் சொல்லட்டுமா?" என்று கேட்கிறாள்.

அன்று எனக்கு விழுந்தவை இரண்டு ஓட்டு. ஒன்று என்னுடையது. மனைவிக்கு நன்றி சொன்னேன். "நான் அவருக்குல்ல போட்டேன்" என்றாள். அந்த இன்னொரு ஓட்டைப் போட்டது யார் என்று இன்னும் தெரியவில்லை. எனக்கு வெங்கடேசப்பா மேல்தான் சந்தேகம்.